ஈரல் வாசலில் பித்தக்குழாய் அடைப்பு: ஐஜிஜி4 நோயா, புற்றுநோயா? ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா?

பேர்ணாம்பட்டு_மருமகன்:

மாமனாருக்கு 63 வயது. ஊர் பலமநேர். எடை 58 கிலோ. ஐந்து வாரமாகக் காமாலை, ராத்திரி தூங்கவிடாத அரிப்பு, மலம் சுண்ணாம்பு நிறம், ஆறு கிலோ இளைப்பு. காய்ச்சலும் வலியும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைப்பதற்கு முன் எடுத்த ரத்தம்: மொத்த பிலிருபின் 11.4, நேரடி 9.2, அல்கலைன் பாஸ்படேஸ் 612, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 1.6, சிஏ 19-9 (புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தக் குறியீடு) அளவு 480, ஐஜிஜி4 (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவு 210 மி.கி./டெ.லி. அதற்கு முன்பே எடுத்த சிடி ஸ்கேனில் "ஈரல் வாசலில் பித்தக்குழாய்ச் சுவர் தடித்துள்ளது, இரு பக்கமும் உள்குழாய்கள் விரிந்துள்ளன, தனிக் கட்டி தெரியவில்லை, கிளாட்ஸ்கின் கட்டியாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது ஈரலிலிருந்து பித்தக்குழாய்கள் வெளியே வந்து சேரும் இடத்தில் வரும் புற்றுநோய். எட்டு நாள் முன்பு இஆர்சிபி (வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாயை அணுகுவது) செய்து வலது பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது குழாய்ச் சுவரைப் பிரஷால் சுரண்டி எடுத்த அணுக்களின் ரிப்போர்ட்: புற்றணுக்கள் இல்லை. நேற்று பிலிருபின் 6.8.

அறுவை மருத்துவர் ஒருவர் ஈரலில் ஒரு பகுதியோடு சேர்த்து எடுத்துவிடலாம், தாமதிக்காதீர்கள் என்கிறார். இன்னொரு டாக்டர் ஐஜிஜி4 கூடியிருக்கிறது, எதிர்ப்பு அணுக்கள் உறுப்புகளில் குவிந்து வீங்க வைக்கும் ஐஜிஜி4 நோயாக இருக்கலாம், கத்தி வேண்டாம், ஸ்டீராய்டிலேயே சரியாகலாம் என்கிறார். 210 என்பது போதுமான சாட்சியா? பிரஷ் சுத்தமாக வந்ததை நம்பலாமா? இரண்டு வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தால் என்ன நஷ்டம்?

ஈரல்_காட்பாடி:

உங்கள் மூன்று கேள்விக்கும் சுருக்கமான பதில்: போதாது, நம்பக் கூடாது, இப்போதே ஆரம்பித்தால் நஷ்டம் உண்டு. ஆனால் அதற்காக நாளைக்கே மேஜையில் ஏற்ற வேண்டியதும் இல்லை. இரண்டு டாக்டர்களும் முழுத் தப்பு சொல்லவில்லை. இரண்டு முடிவுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஐஜிஜி4 உச்ச அளவு பெரும்பாலும் 135 அல்லது 140 என்று வைத்துக்கொள்கிறோம். 210 என்றால் ஒன்றரை மடங்கு. இது சாம்பல் நிறப் பகுதி. பித்தநாளப் புற்றுநோய் உறுதியானவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் இந்த அளவு கூடியிருக்கும். இரண்டு மடங்கைத் தாண்டினால் சந்தேகம் ஐஜிஜி4 பக்கம் சாயும். 2011-ல் வெளிவந்த மேயோ கிளினிக் ஆய்வில் நான்கு மடங்கு, அதாவது 560-க்கு மேல் போனவர்களில் புற்றுநோய்க்காரர் யாருமில்லை. மறுபக்கம், ஐஜிஜி4 நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரத்த அளவு சாதாரணமாகவே இருக்கும். ஆகவே இந்த எண் கதவைத் தட்டும், திறக்காது.

சிஏ 19-9 அளவு 480 என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பிலிருபின் 11 இருக்கும்போது எடுத்தது அது. பித்தம் தேங்கினாலே அது ஏறும். கல் அடைத்தாலும் ஆயிரத்தைத் தாண்டியதுண்டு. பிலிருபின் 3-க்குக் கீழ் இறங்கியதும், காய்ச்சல் இல்லாத நாளில், மறுபடி எடுங்கள். நூறுக்கு மேலேயே நின்றால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். 37-க்குக் கீழே வந்தாலும் முழு நிம்மதி இல்லை: புற்று இருந்தும் இந்த எண் கூடாதவர்கள் உண்டு.

பிரஷ் பற்றி: அது புற்றுநோயைப் பாதி முறைதான் பிடிக்கும். "உண்டு" என்று வந்தால் உண்டு. "இல்லை" என்று வந்தால் "இந்தச் சுரண்டலில் கிடைக்கவில்லை" என்று படிக்க வேண்டும். பித்தநாளப் புற்று நாரோடு நாராகப் பரவுவது, அணுக்கள் எளிதில் உதிராது.

இனி வீட்டிலேயே செய்யக்கூடியது. மாமாவின் மேல் இமைகளின் வெளிமூலை வீங்கியிருக்கிறதா பாருங்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வலியில்லாத, ரப்பர் போன்ற வீக்கம் உண்டா, தொட்டுப் பாருங்கள். பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் சட்டெனத் தெரியும். கழுத்து வீக்கத்துக்கு முன்பு காசநோய் மருந்து கொடுத்திருக்கிறார்களா? ஆஸ்துமா, மூக்கடைப்பு, ஈசினோபில் கூடிய பழைய ரிப்போர்ட் உண்டா? கணைய வீக்கம் என்று எப்போதாவது சொன்னார்களா? ஐஜிஜி4 பித்தநாள நோய்க்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கணையமும் கூடவே பாதிக்கப்பட்டிருக்கும். கணையம் சுத்தமாக இருந்து ஈரல் வாசலில் மட்டும் அடைப்பு என்றால், அதுதான் எல்லாரையும் குழப்பும் வகை. புற்றுநோய் என்று நினைத்து ஈரலை வெட்டி எடுத்தபின் நோய்க்கூறு பார்த்தால் புற்றே இல்லை என்று வருவது, பெரிய மையங்களின் கணக்கிலேயே நூற்றுக்கு 5 முதல் 15 வரை உண்டு. அறுவை மருத்துவர்கள் இதை அறிந்தேதான் இருக்கிறார்கள். புற்றை விட்டுவிடுவதைவிட அது மேல் என்பது அவர்கள் கணக்கு.

பிலிம்_பார்ப்பவர்:

ஸ்டென்டுக்கு முன் எடுத்த சிடி இருக்கிறது என்றீர்களே, அதுதான் இப்போது தங்கம். பிலிமை அல்ல, ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டை (டிஸ்க்) வாங்கி வையுங்கள். ஸ்டென்ட் உட்கார்ந்த பிறகு அதன் உராய்வாலேயே குழாய்ச் சுவர் தடிக்கும், விரிந்த குழாய்கள் சுருங்கிவிடும், காற்று ஏறும். அப்புறம் எடுக்கும் எந்தப் படத்திலும் நோய் எது, ஸ்டென்ட் செய்தது எது என்று பிரிக்க முடியாது. எம்ஆர்சிபி (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்துவிட்டுத்தான் இஆர்சிபிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் கத்துவது இதனால்தான். காமாலை முற்றியவரை வைத்துக்கொண்டு யாரும் கேட்பதில்லை.

அந்தத் தட்டைக் கொடுத்து, ஈரல் படங்களைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் குறிப்பிட்ட சில விஷயங்களைக் கேளுங்கள். பொதுவாக "ஒபினியன் வேண்டும்" என்றால் பழைய வரியே திரும்ப வரும்.

சுவர் தடிப்பு எப்படி? சுற்றிலும் ஒரே அளவாக, உள்விளிம்பும் வெளிவிளிம்பும் வழவழப்பாக, நடுவில் ஓட்டை இன்னும் தெரியும்படி நீண்டு போனால் ஐஜிஜி4 பக்கம். ஒரு பக்கம் மட்டும் கனத்து, விளிம்பு கடித்தாற்போலிருந்து, ஓட்டை சட்டென அடைந்துபோனால் புற்று பக்கம். தடிப்பு எவ்வளவோ அதற்குத் தகுந்த அளவு மேற்குழாய்கள் விரியவில்லை என்றாலும் ஐஜிஜி4 நினைக்க வேண்டும்.

குறுகல் இல்லாத இடத்தில் பொதுப் பித்தக்குழாயின் சுவர் எப்படி? இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. புற்று தான் இருக்கும் இடத்தில்தான் சுவரைக் கெடுக்கும். ஐஜிஜி4 நோய், படத்தில் நன்றாகத் தெரியும் குழாயிலும் சுவருக்குள் படர்ந்திருக்கும். குழாய்க்குள்ளேயே விடும் அல்ட்ராசவுண்ட் குச்சியில் அளந்தால், குறுகல் இல்லாத பகுதியின் சுவர் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது ஐஜிஜி4-க்கு நல்ல அடையாளம். ஜப்பானியர்கள் இதை முதல் இஆர்சிபியிலேயே, ஸ்டென்ட் வைக்கும் முன் அளந்துவிடுகிறார்கள்.

ஈரலின் ஒரு மடல் சுருங்கியிருக்கிறதா? அந்தப் பக்கப் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவருவது) அடைபட்டிருக்கிறதா? இரண்டும் சேர்ந்தால் புற்று பக்கம் நன்றாகச் சாயும். கணையம் மடிப்பின்றி உருண்ட குழலாய், சுற்றிலும் மங்கிய விளிம்போடு இருக்கிறதா, சிறுநீரகத்தில் ஆப்பு வடிவ மங்கல் உண்டா, பெருந்தமனியைச் சுற்றி உறை போல் தடிப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காமாலைக்காக எடுத்த சிடியில் சிறுநீரகத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பெட் ஸ்கேனில் பித்தக்குழாய் ஒளிர்வதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டு நோயிலும் ஒளிரும். உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, பெருந்தமனி ஓரம் என்று வரிசையாக ஒளிர்ந்தால் மட்டும் அது உதவி.

ஒரு எச்சரிக்கை. நோய் எதுவென்று முடிவாகும்வரை உறையில்லாத உலோக ஸ்டென்ட் வேண்டாம். அது சதைக்குள் புதைந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. பிளாஸ்டிக் வைத்தது சரி. மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும், தவறினால் அடைத்துக்கொண்டு குளிர்காய்ச்சல் வரும். வயிற்றுத் தோல் வழியாக ஊசி விட்டு அந்த இடத்தைக் குத்தி எடுக்கும் பயாப்சிக்கு, அறுவை செய்யக்கூடியவர் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புற்றாக இருந்தால் ஊசிப் பாதையில் விதைத்துவிடும்.

ஸ்லைடு_மேசை:

திசு பற்றி நான். அடுத்த இஆர்சிபியில் கோலாஞ்சியோஸ்கோப் (பித்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய கேமரா) கிடைக்குமானால், கண்ணால் பார்த்தபடி குறுகலிலிருந்து குறைந்தது ஆறு துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள். கூடவே சிறுகுடலில் பித்தக்குழாய் திறக்கும் இடமான பாப்பில்லாவிலிருந்தும் இரண்டு துணுக்கு. பாப்பில்லா சும்மா பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஐஜிஜி4 நோய்க்காரர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஐஜிஜி4 அணுக்களைக் காட்டும் சாயம் ஏறும். மலிவான, ஆபத்துக் குறைந்த திசு.

ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது கவனம். நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு புலத்தில் பத்துக்கு மேல் ஐஜிஜி4 சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள் இருந்தால் ஐஜிஜி4 நோய் என்று துள்ளிவிடக் கூடாது. புற்றைச் சுற்றியும் அதே அணுக்கள் கூட்டம் போடும். மொத்த ஐஜிஜி அணுக்களில் ஐஜிஜி4 பங்கு 40 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பாய் முடைந்தது போல் சுழன்று ஓடும் நார், அடைபட்ட சிறு சிரைகள், இவை தெரிந்தால்தான் உறுதி. சிரை அடைப்பைக் காண எலாஸ்டிக் சாயம் போட வேண்டும், சாதாரணச் சாயத்தில் நழுவிவிடும். குழாய் பயாப்சி மேலோட்டமானது, அரிசிக் குருணை அளவு, நசுங்கியும் வரும். அதில் இவையெல்லாம் தெரிவது அபூர்வம். ஆக பயாப்சியின் முதல் வேலை புற்றைத் தேடுவது. ஐஜிஜி4-ஐ உறுதிசெய்வது இரண்டாம் பட்சம்.

நியூட்ரோபில் என்ற வெள்ளணுக் கூட்டம் நிறைய இருந்தால் ஐஜிஜி4 நோய்க்கு எதிரான சாட்சி. கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) கண்டால் நம் பக்கத்தில் காசநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஈரல் வாசல் நெறிக்கட்டில் காசநோய் வந்து பித்தக்குழாயை நெரிப்பது இங்கே புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயமல்ல.

சித்தூர், வேலூர், சென்னை என்று மூன்று ஊர் அலைவீர்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) சாயம் போடாத சில ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பழைய பிளாக்கிலேயே ஐஜிஜி4 சாயம் போடலாம். முன்பு எப்போதாவது கழுத்துக் கட்டியையோ உமிழ்நீர்ச் சுரப்பியையோ எடுத்திருந்தால், அந்த பிளாக்கைத் தேடிப் பிடியுங்கள். ஈரலைத் தொடாமலே விடை கிடைக்கலாம்.

லேப்_சித்தூர்:

அண்ணா, அந்த 210 எந்த டெஸ்ட் என்று முதலில் பாருங்க. பில்லில் "ஐஜிஜி சப்கிளாஸ் 4" என்று இருக்கணும். மொத்த ஐஜிஜி போட்டுவிட்டு அதையே எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. உணவு அலர்ஜிக்கு என்று ஒரு ஐஜிஜி4 பேனல் விற்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அளவும் பாருங்க: 2.1 கிராம் லிட்டருக்கு என்றாலும் 210 மி.கி. டெசிலிட்டருக்கு என்றாலும் ஒன்றுதான். லேபுக்கு லேப் உச்ச அளவு மாறும், சிலதில் 200-ஐ ஒட்டி இருக்கும். அந்த லேபில் உங்க 210 கிட்டத்தட்ட நார்மல். மறுபடி எடுத்தால் அதே லேபில் எடுங்க.

இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாது. ஐஜிஜி4 ரொம்ப அதிகமாக இருந்தால் மெஷின் ஏமாந்து குறைவாகக் காட்டும். புரோசோன் என்பார்கள். நோய் எல்லா அடையாளத்தோடும் இருந்து எண் மட்டும் குறைவு என்றால், சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்லுங்க. ஒரு போன் போதும்.

முக்கியமாக, ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் சாம்பிள் எடுக்கும்போது சொல்லிவிடுங்க. அரிப்புக்கு என்று மெடிக்கலில் கொடுக்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம், அது அளவை இறக்கிவிடும்.

பேர்ணாம்பட்டு_மருமகன்:

எல்லாருக்கும் நன்றி. லேப் பில் பார்த்தேன், சப்கிளாஸ் 4 தான், உச்ச அளவு 135 போட்டிருக்கிறார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் லேசாக வீக்கம் இருக்கிறது. வெற்றிலை போடுவதால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

இரண்டு சந்தேகம். மாமா பேர்ணாம்பட்டில் தோல் ஷாப்பில் ஃபினிஷிங் செக்‌ஷனில் 25 வருஷம் ஸ்ப்ரே அடித்தவர். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அத்தை பலமநேர் பக்கம் பச்சகாமெர்லு மந்து (காமாலைக்கான நாட்டு மருந்து) வாங்கி வைத்திருக்கிறார், கொடுக்கலாமா? கடைசியாக, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதென்றால் எப்படி, எத்தனை நாள்?

ஈரல்_காட்பாடி:

தாடை வீக்கம் நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். அந்தச் சுரப்பியில் ஒரு அல்ட்ராசவுண்ட், தேவையென்றால் அங்கிருந்தே ஒரு கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பது). எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் அணுக்களை மட்டும் உறிஞ்சுவது) போதாது, நார் அமைப்பு தெரியாது. வேறு உறுப்பில் ஐஜிஜி4 உறுதியானால் பித்தக்குழாய்க் கேள்வியின் எடை மாறிவிடும். முழுசாகத் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் இருக்கலாம்.

கரைப்பான், எண்ணெய்ப் பொருள், உலோகத்தூசு இவற்றோடு வேலை செய்த ஆண்களிடம் ஐஜிஜி4 பித்தநாள நோய் அதிகம் என்று ஆம்ஸ்டர்டாம், ஆக்ஸ்ஃபோர்டு நோயாளிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபினிஷிங் ஸ்ப்ரே அந்தப் பட்டியலுக்குள் வரும். ஆனால் மறுபக்கமும் பாருங்கள்: ஜப்பானில் ஒசாகாவில் ஒரு அச்சகத் தொழிலாளர்களுக்கு 1,2-டைக்ளோரோபுரொப்பேன் என்ற கரைப்பானால் இளம் வயதிலேயே பித்தநாளப் புற்று வந்தது. அதனால் இந்தத் தகவலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், தராசில் வைக்காதீர்கள்.

மந்து வேண்டாம். வைரஸ் காமாலை எதைச் சாப்பிட்டாலும் பெரும்பாலும் தானே இறங்கும், அதனால்தான் இந்த மந்துக்குப் பேர் வந்தது. இது குழாய் அடைத்த காமாலை. இலைச்சாறு அடைப்பை அவிழ்க்காது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் கொடுத்து ஈரல் அளவுகள் ஏறினால், நோயா மருந்தா என்று இன்னொரு புதிர் சேரும். அத்தையிடம் "டெஸ்ட் முடியட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், "கூடாது" என்றால் ரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்டீராய்டு. புற்றுநோய்க்கான திசு தேடல் முடிந்து, ஒன்றும் கிடைக்காமல், ஐஜிஜி4-க்கு வேறு சாட்சியும் சேர்ந்த பிறகுதான். முன்னால் கொடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்டீர்களே: புற்றைச் சுற்றியுள்ள அழற்சியும் ஸ்டீராய்டில் கொஞ்சம் சுருங்கும், ஐஜிஜி4 எண்ணும் இறங்கும், பசி வரும், ஆள் தெளிவார். இதற்குள் ஸ்டென்ட் பிலிருபினை இறக்கியிருக்கும். எல்லாரும் மருந்து கேட்கிறது என்று மூன்று மாதம் ஓட்டிவிடுவார்கள். வெட்டக்கூடிய கட்டி வெட்ட முடியாததாவது அந்த மூன்று மாதத்தில்தான்.

அளவு: கிலோவுக்கு 0.6 மி.கி. பிரெட்னிசோலோன். 58 கிலோவுக்கு 35 மி.கி., காலை உணவோடு ஒரே வேளை. ஆரம்பிக்கும் முன் ஹெபடைட்டிஸ் பிக்கு மேற்பரப்பு ஆன்டிஜனோடு கோர் ஆன்டிபாடியும், மார்பு எக்ஸ்ரே, காசநோய் டெஸ்ட், மூன்று மாதச் சர்க்கரை பார்க்க வேண்டும். காய்ச்சல், குளிர் இருந்தால் தொடங்கவே கூடாது. காலையில் போடும் மாத்திரை மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இன்சுலின் தேவைப்படலாம்.

இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தீர்ப்பு. தீர்ப்பைச் சொல்ல வேண்டியது படம், ரத்தம் அல்ல. மருந்து தொடங்கும் முன் ஒரு எம்ஆர்சிபி, பிறகு அதே மெஷினில் இன்னொன்று. குறுகல் கண்கூடாக விரிந்து சுவர் மெலிந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஸ்டென்டை எடுத்துவிட்டு, அது இல்லாமலும் பிலிருபின் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு 5 மி.கி. வீதம் இறக்கலாம். நோய் திரும்பும் குணம் இதற்கு உண்டு, அதனால் குறைந்த அளவு ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரையோ தொடர வேண்டியிருக்கும். படம் மாறவில்லை, அரைகுறையாகத்தான் மாறியது என்றால் டோஸை ஏற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். நேரே அறுவை மருத்துவரிடம்.

அதனால் அந்த அறுவை மருத்துவரை இப்போதே விட்டுவிடாதீர்கள். "நான்கு வாரம், இந்தத் தேதியில் எம்ஆர்சிபி, மாறாவிட்டால் உங்களிடம் வருகிறோம்" என்று அவரிடமே சொல்லித் தேதி வாங்கி வையுங்கள். ஈரலை வெட்டுவதானால் மிஞ்சும் பக்கத்தின் பித்தம் வடிந்திருக்க வேண்டும். இப்போது ஸ்டென்ட் வலது பக்கம் மட்டும் இருக்கிறது. எந்தப் பக்கம் மிஞ்சும் என்பதை அவரும் எண்டோஸ்கோப்பி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

பிலிம்_பார்ப்பவர்:

ஒன்று விட்டுப்போனது. ஐஎன்ஆர் 1.6 என்றீர்கள். பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உறிஞ்சப்படவில்லை. பயாப்சிக்கு முன் ஊசியாக வைட்டமின் கே போட்டு, மறுபடி ஐஎன்ஆர் பார்த்துவிட்டுப் போங்கள். இதைப் பார்க்காமல் போனவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், பலமநேரிலிருந்து மலைப்பாதை இறங்கி வந்த நாள் வீணாகும்.

பேர்ணாம்பட்டு_மருமகன்:

நேற்று வைட்டமின் கே முதல் ஊசி போட்டாயிற்று. ஸ்கேன் தட்டு கைக்கு வந்துவிட்டது. தாடை அல்ட்ராசவுண்டுக்குத் திங்கட்கிழமை டோக்கன். ரிப்போர்ட் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.